பழைய டிஷ், புதிய ஃபீட்: மேம்பட்ட ஜி.எம்.ஆர்.டி.யோடு பழகியதில்

புனேவுக்கு வடக்கே கோடத்தில் இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியை மேம்பாட்டுக்கு முன்பும் பயன்படுத்தியிருக்கிறேன், பின்பும் பயன்படுத்துகிறேன். வெளியே நின்று பார்த்தால் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. அதே 45 மீட்டர் டிஷ்கள் முப்பது, அதே கம்பி வலை. மாறியது குவியத்தில் தொங்கி, டிஷ் குவிக்கும் அலைகளை வாங்கும் ஃபீடும் அதற்குப் பின்னால் வரும் மின்னணுச் சங்கதிகளும்தான்.

முன்பு 325 மெகாஹெர்ட்ஸில் அவதானிப்பு நேரம் வாங்கினால் 32 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலம் கிடைக்கும். இப்போது அதே பகுதிக்கான பேண்ட் 3 என்பது 250 முதல் 500 வரை. நான் வழக்கமாக 300–500 எடுப்பேன். அகலத்தின் வர்க்கமூலக் கணக்குப்படி இரைச்சல் இரண்டரை மடங்கு குறைய வேண்டும். நடைமுறையில் அவ்வளவு வராது. 360–380 பக்கம் செயற்கைக்கோள்கள் புகுந்து விளையாடும், அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியதுதான்.

உண்மையான தலைவலி தரவைச் சுத்தம் செய்வது. 30 டிஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 435 ஜோடிகள். ஒவ்வொன்றிலும் 2048 சேனல், அதாவது சின்னச் சின்ன அலைவரிசைத் துண்டுகள் என்றால், அந்தக் காலம்போல உட்கார்ந்து குறுக்கீடுகளைக் கையால் கோடு கோடாக நீக்குவது நடக்காத காரியம். ஸ்கிரிப்ட்தான் கதி. வேடிக்கை என்னவென்றால், ஜி.பி.யு. என்ற வேகமான கணினிச் சில்லுகள் டிஷ்களின் சிக்னலைக் கோக்கும் இந்தக் காலத்திலும் கோப்பு வருவது ஜி.எம்.ஆர்.டி.யின் அதே பழைய எல்.டி.ஏ. கோப்பு வடிவில்தான். அதைப் பொது வடிவுக்கு மாற்றும் லிஸ்ட்ஸ்கேன், ஜிவிஃபிட்ஸ் நிரல்களை ஓட்டாமல் வேலை தொடங்காது.

எனக்குப் பிடித்த லாபம் வேறு. வானில் ரேடியோ அலை வீசும் ஒரு மூலத்தின் பிரகாசம் அலைவரிசையோடு எப்படிச் சரிகிறது என்பதை முன்பு இரண்டு தனித்தனி அவதானிப்புகளை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். இப்போது ஒரே இரவின் தரவுக்குள்ளேயே ஓரளவு தெரிந்துவிடுகிறது. இங்கே ஒரு பொறி உண்டு: 500இல் டிஷ் பார்க்கும் வட்டம் 300இல் இருப்பதைவிடச் சிறியது. ஓரத்தில் இருக்கும் மூலம் மேல் அலைவரிசையில் மங்கிப்போய், சரிவு செங்குத்தாக இருப்பதாகக் காட்டும். அந்தத் திருத்தத்தைச் செய்யாமல் வரும் எண்ணை நம்பவே கூடாது.

2015இல் ஜி.எம்.ஆர்.டி., எஸ்.கே.ஏ. என்ற பன்னாட்டு மாபெரும் ரேடியோ தொலைநோக்கித் திட்டத்தின் முன்னோடிகளில் ஒன்றாக அங்கீகரிக்கப்பட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. அங்கே வரப்போகும் அகலப்பட்டைத் தொல்லைகளை நாங்கள் இங்கேயே அனுபவிக்கிறோம். புதிதாக விண்ணப்பிப்பவர்கள் அவதானிப்பு நேரத்தோடு ஹார்ட் டிஸ்க் இடத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.