எச்சரிக்கை: மறு கை படாமலே இசிஜி வரையும் கைக்கடிகாரம்

மலேசியாவின் பினாங்கில், கொம்தார் கட்டடத்தின் பக்கத்தில் உள்ள ஒரு பேரங்காடியின் சிறு கடையில், இதயத்தைக் கண்காணிக்கும் என்று சொன்ன கைக்கடிகாரம் ஒன்றை 459 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி ஏமாந்தேன். புகார் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அந்தப் பொருளை அடையாளம் காண்பது எப்படி என்று எழுத யாரும் தடை சொல்ல முடியாது. பெயர் மாற்றி, பெட்டி மாற்றி இதே கடிகாரம் இணையத்திலும் ஏராளமாகக் கிடக்கிறது.

எனக்கு 56 வயது. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. அண்ணனுக்கு நான்கு வருடத்துக்கு முன்பு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. இந்தத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். மேல்கோயிலுக்கு 513 படிகள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே வேலை பார்க்கும் உடம்பு அதை ஒரே நாளில் ஏறிவிடாது. அதனால் நவம்பர் மாதமே ஞாயிறு காலைகளில் ஏறிப் பழக ஆரம்பித்தேன்.

“அண்ணனுக்கு வந்தது தம்பிக்கு வராது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? துடிப்பைக் காட்டுகிற கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஏறுங்கள்” என்றாள் மனைவி. யோசனையில் குற்றமில்லை. நான் போய் நின்ற இடம்தான் சரியில்லை.

கடையில் நல்ல தமிழ் பேசும் ஓர் இளைஞர். கடிகாரத்தை என் மணிக்கட்டில் மாட்டிவிட்டார். அடியில் பச்சை விளக்கு மினுக்கியது. திரையில் துடிப்பு 78, இரத்த அழுத்தம் 121/79, சர்க்கரை 5.6 (இங்கே மில்லிமோல் கணக்கு) என்று எண்கள் வரிசையாக வந்து நின்றன. பிறகு ஒரு பொத்தானை அழுத்தினார். கறுப்புத் திரையில் பச்சை அலை ஏறி இறங்கி ஓடியது.

“மருத்துவமனையில் எடுக்கிற அதே இசிஜிதான், அண்ணா. டாக்டருக்கே கைப்பேசியில் அனுப்பலாம். சர்க்கரை பார்க்க இனிமேல் விரலைக் குத்தவும் வேண்டாம்.”

அந்தக் கடைசி வாக்கியத்தில் விழுந்தேன். தினமும் குத்திக் குத்தி விரல் நுனி காய்த்துப் போனவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு இனிப்பான வாக்கியம் என்று.

மறுநாளே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். மாமாக் கடையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். ஒரு மணி நேரம் கழித்துக் கடிகாரம் 5.6 என்றது. வீட்டுக்கு வந்து விரலைக் குத்திப் பார்த்தேன்: 12.1. கடைக்குத் தொலைபேசியில் அழைத்தால், “உங்கள் உடம்போடு அது பழகுவதற்கு இரண்டு வாரம் ஆகும், அண்ணா” என்றார் அதே இளைஞர். நாய்க்குட்டி வாங்கியவன் போல நானும் காத்திருந்தேன். தோலைக் குத்தாமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரம், மோதிரம் எதையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அப்படி எதற்கும் அது அனுமதி கொடுத்திருக்கவே இல்லை.

சர்க்கரை எண் பொய் என்று தெரிந்த பிறகும் துடிப்பு எண்ணை நம்பினேன். இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு பொய் சொன்னவன் இன்னொன்றில் உண்மை சொல்வான் என்று எந்தக் கணக்கில் நினைத்தேனோ!

டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு. முந்நூறு படி தாண்டியிருப்பேன். நெஞ்சுக்குள் உறுமி மேளம் தாளம் தப்பியதைப் போல இருந்தது. இரண்டு அடி, ஓர் இடைவெளி, அவசர அவசரமாக ஐந்தாறு அடி, மறுபடி இடைவெளி. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். துடிப்பு 84. இசிஜி பொத்தானை அழுத்தினேன். அழகான அலை, அதன் கீழே ஆங்கிலத்தில் ‘இயல்பான சீர்’ என்று பச்சை எழுத்து. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்ததுதான் காரணம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு மீதிப் படிகளையும் ஏறினேன். முந்நூறு படி ஏறி மூச்சு வாங்குகிற 56 வயதுக்காரனுக்கு 84 என்று காட்டுகிறதே, 130, 140 இருக்க வேண்டாமா என்று அப்போது தோன்றவில்லை.

மூன்று வாரம் இப்படியே போனது. படியில் மட்டும் வந்தது பிறகு தொழிற்சாலையிலும் வந்தது, படுக்கையிலும் வந்தது. ஒவ்வொரு முறையும் கடிகாரம் பச்சை காட்டியது. ஒவ்வொரு முறையும் நான் கிளினிக்குக்குப் போகாமல் இருந்தேன். மனைவி முறைத்தால் மணிக்கட்டை நீட்டி எண்ணைக் காட்டுவேன்.

கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு அக்கா. அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் பாத்திரத்தை மேசையில் வைத்தார். “கையைக் கொடு, தம்பி” என்றார். கட்டை விரலுக்கு நேர்க்கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்தபடி நின்றார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவார் என்று நினைத்தேன். முழு நிமிடமும் எண்ணினார். தாளம் ஒழுங்காக இல்லாவிட்டால் முழு நிமிடம்தான் எண்ண வேண்டுமாம். “128. கைக்கு வந்து சேர்ந்தது இவ்வளவு. நெஞ்சில் இன்னும் கூடுதலாக இருக்கும். இரண்டு துடிப்பு ஒன்று போல இல்லை. சட்டையை மாட்டு, கிளம்பு.” என் இடது கையில் கடிகாரம் 82 என்று காட்டிக்கொண்டிருந்தது.

மருத்துவமனையில் நெஞ்சிலும் கைகால்களிலுமாகப் பத்து ஒட்டுவில்லைகள் ஒட்டி, பன்னிரண்டு கோணங்களில் இசிஜி எடுத்தார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை. அறைக்குள் இரத்தம் தேங்கி உறைந்தால் அந்தக் கட்டி மூளைக்குப் போகும். பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார் டாக்டர். மூன்று வாரம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 48 மணி நேரத்துக்குள் வந்திருந்தால் அப்போதே சீரை மீட்க வழி பார்த்திருக்கலாமாம். இப்போது உள்ளே உறைகட்டி இருக்கலாம் என்பதால், குறைந்தது மூன்று வாரம் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்துவிட்டுத்தான் அடுத்த படி. தைப்பூசம் அதற்குள் வந்து போனது. என் பால்குடத்தை மனைவி எடுத்தாள். நான் அடிவாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வார்டில் இருந்தபோது மேசைமேல் கிடந்த கடிகாரத்தை அந்த டாக்டர் எடுத்துப் பார்த்தார். “இதில் இசிஜி எடுக்கும்போது மறு கை விரலை எங்கே வைப்பீர்கள், ஐயா?”

“எங்கேயும் வைப்பதில்லை.”

“பிறகு எப்படி எடுக்கும்?”

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் அந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். பச்சை விளக்கு பார்ப்பது தோலுக்கு அடியில் ஓடும் இரத்தத்தை. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் அளவு கூடிக் குறையும். அது துடிப்பை எண்ண உதவும். இசிஜி வேறு, அது இதயத்தின் மின்சாரம். மின்சாரத்தை அளக்க உடம்பில் இரண்டு இடமாவது தொட வேண்டும், நடுவில் இதயம் இருக்க வேண்டும். இசிஜி கருவியை உருவாக்கி 1924-இல் நோபல் பரிசு பெற்ற டச்சுக்காரர் வில்லெம் ஐந்தோவன், இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைக்கச் சொல்லித்தான் எடுத்தார். ஆப்பிள் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த கடிகாரத்திலும் அடிப்பக்கம் ஒரு மணிக்கட்டைத் தொட்டிருக்க, மறு கை விரலைப் பக்கவாட்டு உலோகத் திருகில் வைத்தால்தான் சுற்று முழுமையாகும். அதுவும் ஒரே கோணம்தான். மாரடைப்பை அதனால் கண்டுபிடிக்க முடியாது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. என் கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் வெள்ளி நிறத்தில் பளபளத்தது வெறும் பூச்சு. நகத்தால் சுரண்டினேன், உரிந்து வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு சுருட்டிய துண்டில் கட்டினேன். துடிப்பு 76. நியாயமாகச் சொல்ல வேண்டும்: ஒளியை வைத்து எண்ணும் நல்ல கடிகாரமே உயிரில்லாத பொருளில் சில நேரம் ஏதாவது எண் காட்டும், கை ஆடினாலும் பட்டை தளர்ந்தாலும் தடுமாறும். ஆனால் பொத்தானை அழுத்தியதும் துண்டுக்கும் இசிஜி வந்தது. இயல்பான சீராம். மகள் என் கைப்பேசியில் நவம்பர் முதல் சேமித்திருந்த அலைப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் நான்காவது துடிப்புக்குப் பிறகு ஒரு சின்னப் பிசிறு, அதே இடத்தில், அதே உயரத்தில். என் இதயத்தை அது ஒரு நாளும் பார்க்கவில்லை. உள்ளே வைத்திருந்த ஒரே படத்தை எனக்கு ஓட்டிக் காட்டியிருக்கிறது.

கடைக்குப் போனேன். தமிழ் பேசிய இளைஞர் இல்லை, வேறொருவர் இருந்தார். வாங்கும்போது ‘அண்ணா’, திருப்பிக் கொடுக்கப் போனால் ‘அங்கிள்’. பெட்டியின் அடியில் எறும்பு அளவு எழுத்தைக் காட்டி, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று எழுதியிருக்கிறதே, அங்கிள் என்றார். சுவரில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையையும் காட்டினார்.

அந்தப் பலகைக்கு மயங்க வேண்டாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதத்தைக் கடைக்காரர் ஒரு பலகை எழுதி மாட்டித் தள்ளுபடி செய்துவிட முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விற்பவர் வாயால் சொன்னதைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வரி எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ‘டாக்டருக்கே அனுப்பலாம்’ என்று அந்த இளைஞர் எனக்கு எழுதிய செய்திதான் இப்போது என் முக்கியச் சான்று. அதோடு, நோயைப் பார்க்கும் கருவி என்று விற்கப்படும் பொருள் 2012-ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின்படி மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவேட்டை இணையத்தில் யாரும் தேடலாம். என் கடிகாரத்தின் பெயரைத் தேடினேன். இல்லை.

நடக்க எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. மருமகன் கொடுத்த, துடிப்பை எண்ணும் மார்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு தாவரவியல் பூங்காவில் நடக்கிறேன். இப்போது நான் சாப்பிடும் மாத்திரை துடிப்பை ஏறவிடாது. அதனால் உச்சத் துடிப்புக்கு 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு எனக்குப் பொருந்தாது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடந்தால் போதும் என்றார் டாக்டர். எண்ணைப் பார்ப்பதைவிட அக்காவிடம் கையை நீட்டுவதே எனக்குத் தெம்பாக இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி; நான் கொடுத்தது 459.

விசாரணை அடுத்த மாதம். சான்றுப் பொருள் என்பதால் கடிகாரத்தைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். மின்னூட்டம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. இன்று காலை கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது: நேற்று இரவு 7 மணி 10 நிமிடம் ஆழ்ந்த உறக்கம், துடிப்பு 72.