டைகர் மாத் கட்டுமானத் தொகுப்பு: மரவேலை நேர்த்தி, கையேடு அரைகுறை

டைகர் மாத் என்ற பழைய பிரிட்டிஷ் பயிற்சி விமானத்தின் அசலில் ஆறில் ஒரு பங்கு அளவுள்ள, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இறக்கை நீளம் கொண்ட இந்த ரிமோட் கன்ட்ரோல் ஈரிறக்கை விமானத் தொகுப்பை, ஒற்றை இறக்கை மாதிரிகளைக் கட்டிப் பறக்கவிட்டுப் பழகியவர்கள் தயங்காமல் வாங்கலாம். முதல் விமானமாக இதைக் கட்ட நினைப்பவர்கள் தவிர்ப்பதே நல்லது.

லேசரால் வெட்டிய பால்சா (மிக இலேசான மரம்) பாகங்கள் பசை தொடுவதற்கு முன்பே ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தி நிற்கின்றன. வால் பகுதிக்கென எடை குறைந்த மரத்தைத் தேர்ந்தெடுத்துத் தந்திருப்பது தயாரிப்பாளரின் அனுபவத்தைக் காட்டுகிறது; வாலில் கூடும் ஒவ்வொரு கிராமையும் ஈடுகட்ட மூக்கில் அதைவிடப் பல மடங்கு ஈயம் வைக்க வேண்டியிருக்கும்.

ஆனால் ஈரிறக்கை விமானத்தின் குணத்தையே தீர்மானிக்கும் கட்டத்தை, அதாவது இரு இறக்கைகளின் கோணங்களையும் ஒன்றுக்கொன்று இசைவாக அமைக்கும் வேலையை, கையேடு இரண்டு படங்களோடு முடித்துவிடுகிறது. இரு இறக்கைகளையும் இணைத்துத் தாங்கும் ஸ்ட்ரட்களை நிலையாக ஒட்டுவதற்கு முன், இறக்கைகளின் நடுவிலும் நுனிகளிலும் கோணமானி வைத்து அளந்து, எங்கும் முறுக்கு இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விமானம் சமநிலையில் நிற்க வேண்டிய புள்ளியான ஈர்ப்பு மையத்தைப் பற்றிய குறிப்பு இதைவிட மோசம். 1931-இல் முதன்முதலாகப் பறந்த அசல் டைகர் மாத்தில், முன் இருக்கையில் இருப்பவர் பாராசூட்டுடன் வெளியேற வழிவிடுவதற்காக மேல் இறக்கையை முன்னே நகர்த்தினார்கள். அதனால் மாறிய சமநிலையை மீட்கவே இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். மாதிரியிலும் அதே சாய்வு இருப்பதால், "மேல் இறக்கையின் முன் விளிம்பிலிருந்து" என்று மட்டும் சொல்லும் அளவை நடுப்பகுதியில் வைத்தால் ஓரிடமும் நுனியில் வைத்தால் அதற்கும் பின்னால் வேறோர் இடமும் கிடைக்கின்றன. நுனியிலிருந்து அளப்பவரின் விமானம் வால் கனத்துப் போகும்; முதல் பறப்பிலேயே விமானத்தை இழக்க அது போதும். நடுப்பகுதியிலிருந்து அளந்து, மூக்கு சற்றே கனமாக இருக்கும்படி பேட்டரியை முன்தள்ளி வைத்ததில் மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டருக்குச் சிறிய திருத்தமே தேவைப்பட்டது.

சோதனைப் பறப்பில், காற்று அடங்கிய வேளையில், குறைந்த ஓட்டத்திலேயே தரையை விட்டு எழுந்தது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடல்களான எய்லரான்கள் அசலைப் போலவே கீழ் இறக்கையில் மட்டும் உள்ளன; மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் மடலான ரடரைத் தொடாமல் அவற்றை மட்டும் அசைத்தால் மூக்கு முதலில் எதிர்ப்பக்கமாகத் திரும்புகிறது. கீழிறங்கும் எய்லரானின் அசைவை டிரான்ஸ்மிட்டரில் வெகுவாகக் குறைத்து, திருப்பங்களில் ரடரையும் சேர்த்துக் கொடுத்த பிறகு விமானம் மிக அழகாக வளைந்தது. இரட்டை இறக்கையும் ஸ்ட்ரட்களும் கம்பிகளும் காற்றை அவ்வளவு எதிர்ப்பதால், த்ராட்டிலை முழுவதும் மூடினால் வேகம் சட்டென்று விழுந்துவிடுகிறது. சக்கரங்கள் தரையைத் தொடும் வரை மோட்டாரைச் சற்று ஓடவிட்டே இறக்க வேண்டும்.

மைதானத்தில் ஒவ்வொரு முறையும் இறக்கைகளைப் பூட்டிக் கம்பிகளை மாட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. விமானத்தைக் கழற்றாமலே கொண்டுபோகும் அளவுக்கு வண்டியில் இடம் இருப்பவர்களுக்கே இது அடிக்கடி பறக்கும்.