கோடை விடுமுறைக்கு எந்தப் பக்கத்து நூலகம்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் சுற்றுவட்டாரத்தில் தமிழ் மீடியம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஊர் வாயனசாலையின் (ஊர் நூலகத்தின்) பாலவேதி, அதாவது சிறுவர் மன்றம். இன்னொன்று, எல்லை தாண்டி கோவை மாவட்ட நூலகங்களில் நடக்கும் கோடை முகாம்.

தமிழ்நாட்டில் நூலகம் அரசாங்கத்துடையது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அந்தப் பலம் அலமாரியில் தெரியும்: சிறுவர்களுக்குத் தமிழ்ப் புத்தகம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் முகாம் என்று வந்துவிட்டால் ஓவியம், சதுரங்கம், காகித மடிப்பு, கடைசி நாளில் சான்றிதழ். கதைசொல்லி வருகிற அன்று மட்டும் களைகட்டும். குறை சொல்லவில்லை, வெயில் காலத்தில் பிள்ளை நிழலில் இருப்பதே பெரிய விஷயம்தான். ஆனால் முகாம் முழுக்கப் போய்வந்தும் ஒரு புத்தகம்கூட வீட்டுக்கு வராமல் போகலாம்.

கேரளத்து வாயனசாலை வேறு மாதிரி. 1945இல் பி. என். பணிக்கர் முன்னின்று தொடங்கிய கிரந்தசாலா சங்கத்தின் (நூலகச் சங்கத்தின்) வழியில் வந்தது. இன்று அரசு மானியம் கிடைத்தாலும் நடத்துவது ஊர்க்காரர்களின் கமிட்டிதான். நூலகருக்கு அலவன்ஸ் மட்டும் என்பதால் பெரும்பாலும் மாலையில்தான் திறப்பார்கள். பாலக்காட்டு மே மாதத்துக்கு அதுவே வசதி. விளையாடிவிட்டு அப்படியே நுழைந்துவிடலாம். பாலவேதி விடுமுறையோடு முடிவதுமில்லை. பணிக்கர் மறைந்த ஜூன் 19 அங்கே வாசிப்பு தினம். பள்ளி திறந்த சூட்டிலேயே, லீவில் படித்ததைப் பேச ஒரு மேடை கிடைக்கிறது. பிள்ளையைப் படிக்க வைப்பது சான்றிதழைவிட இதுதான் என்பது என் கட்சி.

சிக்கல் மொழியில் இருக்கிறது. பேச்சும் போட்டியும் மலையாளத்தைச் சுற்றியே போகும். தமிழ் அலமாரி இருந்தாலும் பழசாக இருக்கும். மலையாளம் சரளமாகப் படிக்கும் பிள்ளைக்குக் கவலை இல்லை. மூன்றாம், நான்காம் வகுப்பில் தமிழையே எழுத்துக் கூட்டுகிற பிள்ளை ஓரமாக உட்கார்ந்துவிடும்.

பிரிட்டனில் 1999 முதல் நடக்கும் கோடை வாசிப்புச் சவால் இந்த இடத்தில் உதவும். விடுமுறைக்குள் வழக்கமாக ஆறு நூலகப் புத்தகம், எதை வேண்டுமானாலும் பிள்ளையே எடுக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. பரீட்சை கிடையாது. பாலவேதியில் இதைச் செய்ய, படித்ததைக் குறித்துவைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும், தமிழா மலையாளமா என்ற கேள்வியும் எழாது.

ஆக, சின்ன வகுப்புப் பிள்ளைக்கு நான் வாயனசாலையையே சொல்வேன், தமிழ்ப் புத்தகத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு. கோவைப் பக்கம் அத்தையோ சித்தியோ இருந்தால் அவர்கள் உறுப்பினர் அட்டையில் எடுத்துவரலாம். இல்லையென்றால் மானியத்தில் புத்தகம் வாங்கும்போது தமிழுக்கும் பங்கு வேண்டும் என்று கமிட்டியில் கேட்க வேண்டும். அதற்கு முதலில் நம்மில் நாலு பேர் அங்கே உறுப்பினராகச் சேர்ந்திருக்க வேண்டும்.