வெள்ளவத்தையில் மூன்று கிழமை

இந்த முறை நான் ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்குப் போனது ஒரு பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்காக. கல்யாணமும் இல்லை, செத்தவீடும் இல்லை. ஒரு கடதாசிக்கு ஆரும் இவ்வளவு காசைச் செலவழிப்பார்களா என்று இங்கே சிநேகிதிகள் சிரித்தார்கள். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த கையோடு இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விடும். திரும்ப வேண்டுமென்றால் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நான் பிறந்தேன் என்று காட்டும் பத்திரம் வேண்டும். என்னுடையது 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில், நாவற்குழிப் பாலத்துக்கு அங்காலேயோ இங்காலேயோ, ஒரு சூட்கேசோடு தொலைந்தது. ஆக, பிறந்த நாட்டுக்குள் 30 நாள் சுற்றுலா வீசாவில் போய், பிறந்ததற்கு அத்தாட்சி தேட வேண்டிய நிலை.

சின்னம்மா வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒழுங்கையொன்றில் இருக்கிறார். தொடர்மாடி, ஆறாம் மாடி. நான் போய் இறங்கிய இரவு லிப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றும் 23 கிலோ. வாட்சர் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். மற்றதை நான் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று இழுத்தேன். "திங்கட்கிழமை பாஸ் வருவார்" என்றார் வாட்சர். லிப்ட் திருத்துகிறவரைத்தான் பாஸ் என்கிறார். எந்தத் திங்கட்கிழமை என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் கனடா அட்டையால் ஒரு கட்டணம் கட்டப் பார்த்தேன். ஓடிபி என் கனடா நம்பருக்குப் போனது. அந்த சிம் ரொறன்ரோவில் மேசை லாச்சிக்குள் கிடந்தது. இனிப் போகிறவர்கள் இதை மட்டுமாவது என்னைப் பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னென்ன வேண்டும் என்று கேட்டு வரப் பத்தரமுல்லைக்குப் போனேன். குடிவரவுத் திணைக்களம் அங்கே சுஹுருபாயக் கட்டடத்தில் இருக்கிறது. ஓட்டோ பிடித்திருக்கலாம், ஆனால் எனக்கு பஸ்ஸில் போக வேண்டும் போல் இருந்தது. காலி வீதியில் 100 பிடித்து, கொள்ளுப்பிட்டியில் இறங்கி 177 எடுத்தால் பத்தரமுல்லை. ஆயிரம் ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். கொண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார், டிக்கட்டின் பின்புறத்தில் மிச்சத்தைக் கிறுக்கித் தந்துவிட்டு, "கொள்ளுபிட்டிய, கொட்டுவ, பிட்டகொட்டுவ" என்று கத்திக்கொண்டு முன்வாசலுக்குப் போய்விட்டார். பம்பலப்பிட்டி வந்தது, அவர் திரும்பவில்லை. காசு போனது என்றே நினைத்தேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு கால் படியில் வைக்கும்போது என் மூக்குக்கு முன்னால் ஒரு கை நீண்டது. விரல் இடுக்குகளில் நீளவாக்கில் மடித்த தாள்கள். எண்ணிப் பார்த்தேன், ஒரு ரூபாயும் குறையவில்லை. "பரிஸ்ஸமின் பஹின்ட அம்மே" என்றார். கவனமாக இறங்கச் சொல்கிறார். அம்மே என்றதுதான் கொஞ்சம் சுட்டது. எனக்கு 56 வயது என்பதைக் கொழும்பு பஸ்தான் உறுதிப்படுத்தியது.

சுஹுருபாயவில் வேலை சுருக்கமாக முடிந்தது. பத்திரத்தை எடு, ஆங்கில மொழிபெயர்ப்பை எடு, பிறகு வா. சரி.

அடுத்த நாள் பத்திரத்தின் பிரதி எடுக்க ஒரு பிரதேச செயலகக் கந்தோருக்குப் போனேன். கதவு பூட்டு. ஒழுங்கையில் இறைச்சிக் கடையும் பூட்டு என்பதைக் காலையில் பார்த்தும் மூளை வேலை செய்யவில்லை. போயா. மாதத்தில் ஒரு பௌர்ணமி வரும், அன்று நாடே லீவு என்பது கனடாவில் இருபத்தேழு வருடத்தில் எனக்கு மறந்தே போயிருந்தது. சின்னம்மாவுக்குத் தெரியும். கேட்டால், "நீ கடற்கரைக்குப் போறாய் எண்டு நினைச்சன்" என்றார்.

போயா கழிந்து போன கந்தோரின் பெயரைச் சொல்லவில்லை. பலகை மூன்று மொழியிலும் அழகாக இருந்தது. தமிழ் அரசகரும மொழியானது 1987இல், 13ஆம் திருத்தத்தோடு. அந்த முதல் கவுண்டருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. என் சிங்களமோ விசித்திரமானது. 97இல் கொட்டாஞ்சேனை லொட்ஜில், வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்குக் காத்திருந்த மாதங்களில், சோதனைச் சாவடிகளில் படித்தது. யார், எங்கிருந்து வந்தேன், ஏன் வந்தேன், எப்போது போவேன் என்று சரளமாகப் பதில் சொல்வேன். கேள்வி கேட்க மட்டும் தெரியாது. ஒரு படிவம் தாருங்கள் என்று சொல்ல வாயில் வரவில்லை. பதிவு இலக்கம் கேட்டார்கள், இல்லை என்றேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தால் யாழ்ப்பாணம் போக வேண்டும் என்றார் அந்த மனுசி, முகத்தைப் பாராமலே. நானும் அசடு மாதிரி நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிரவு ரயிலுக்கு நேரம் பார்க்கத் தொடங்கிவிட்டேன். சின்னம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்: "முதல் சொல்லுற இல்லையைக் கணக்கில எடுக்காத பிள்ளை. இன்னொருத்தரிட்டக் கேள்."

காலையில் 1919ஐ அழைத்தேன். அது அரசாங்கத் தகவல் மையம், தமிழிலும் கதைக்கலாம். ஒரு பெண் பிள்ளை எடுத்தார். எந்த வருடம் பிறந்தீர்கள் என்றார். 69 என்றேன். 1960க்குப் பிறகு பதிந்த, கணினியில் ஏற்றப்பட்ட பத்திரம் என்றால் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம், ஊருக்குப் போகத் தேவையில்லை என்றார். இரண்டு நிமிடமும் ஆகவில்லை. எனக்குச் சந்தோசத்தை விடக் கோபம்தான் கூட வந்தது.

வேறொரு செயலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தது மலையகத்துப் பிள்ளை ஒன்று, இருபத்தைந்து வயது இருக்கலாம். "நம்பர் இல்லாட்டியும் பரவால்லக்கா, தேடிப் பாக்கலாம். பிறந்த திகதி, பதிஞ்ச இடம் எழுதுங்க" என்று படிவத்தைத் தந்தார். போட்டோப் பிரதிக் கடைக்கு இரண்டு தரம் ஓடினேன், வாங்கில் ஒன்றரை மணி நேரம் இருந்தேன். அங்கே எல்லாருடைய கதையும் எல்லாருக்கும் கேட்கும். பக்கத்தில் இருந்த ஐயாவின் மகனுக்குச் சவூதியில் வேலை, பத்திரத்தில் தாயின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை, நான்காவது தரம் வந்திருக்கிறார். என் கதையையும் அவர் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் விட்டார்.

"அக்கா, இங்க வாங்க." பிள்ளை கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். பழைய பதிவேட்டின் படம் அது, தட்டச்சு இல்லை, கையெழுத்து. நீல மை மங்கிச் சாம்பலாகியிருந்தது. என் பெயர், அம்மாவின் ஊர், பாட்டனாரின் பெயர். கீழே தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் அப்பாவின் ஒப்பம், ஆங்கிலத்தில், கடைசி எழுத்தின் வால் கோட்டுக்கு வெளியே போயிருந்தது. அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம். பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. "ரெண்டு கொப்பி போடவா?" என்றார். மூன்று என்றேன்.

மொழிபெயர்ப்பில் ஒரு சண்டை பாக்கி இருந்தது. சந்திக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்பாவின் பெயர் ‘க’வில் தொடங்குகிறது. அவர் ‘கே’ போட்டார். என் கனடாப் பத்திரங்கள் அத்தனையிலும் ‘சீ’. எழுத்து மாறினால் என் அப்பா வேறு, என் கடவுச்சீட்டில் உள்ளவர் வேறு என்று ஆகிவிடும். "க-வுக்கு கே தான் பிள்ளை, நான் முப்பது வருசம் படிப்பிச்சனான்" என்றார் ரீச்சர். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தார் ‘சீ’ போட்டுத்தான் எழுதினார்கள், ஆனந்த குமாரசுவாமிக்கே ‘சீ’தானே என்றேன். அவர் அசையவில்லை. "அவர் பெரிய ஆள்" என்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பிரதியை அவருக்கு முன்னால் வைத்து, அந்த ஒப்பத்தில் விரலை வைத்தேன். ரீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பெரிய, வட்டமான ‘சீ’. ஒன்றும் சொல்லாமல் கீபோர்ட்டை இழுத்து, ‘கே’யை அழித்தார். இந்தப் பயணத்தில் நான் வென்ற ஒரே வழக்கு அது.

அன்றைக்கு லிப்டும் வந்துவிட்டது. பதினொரு நாள். சின்னம்மா முழங்கால் வலியால் அத்தனை நாளும் கீழே இறங்கவில்லை. அன்று பின்னேரம் சேலை மாற்றி, பவுடர் போட்டு, லிப்டில் கீழே போனார். வாட்சரிடம் சுகம் விசாரித்தார். ஒழுங்கையை ஒரு தரம் மேலும் கீழுமாகப் பார்த்தார். அப்படியே திரும்ப மேலே வந்துவிட்டார்.

வந்ததும் பத்திரத்தைக் கேட்டார். விளக்கைப் போட்டு, ஒவ்வொரு பெட்டியாக விரல் வைத்து வாசித்துக்கொண்டு போனவர் பதிந்த திகதியில் நின்றார். நான் பிறந்து 39ஆம் நாள் பதிந்திருக்கிறது. 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம்.

"ஏன் இவ்வளவு பிந்தினவர்?" என்று கேட்டேன்.

"கொப்பர் மூண்டு தரம் போனவர். முதல் தரம் போனால் பதிவுகாரர் இல்லை, பூட்டு." சின்னம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த நேரம் ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துப்போட்டுக் கிழமைக்குக் கிழமை போயா லீவெல்லோ விட்டவங்கள். 66இல துவங்கி 71 மட்டும். கொப்பருக்கு என்ன நாள் எண்டே பிடிபடேல்ல."