இலவச மென்பொருளுக்கு 18,500 ரூபாய்: இணையதளமும் வீடியோ எடிட்டிங்கும் கற்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நேற்று மாலை ஐந்தரை மணிக்கு அந்தப் பயிற்சி மையத்தின் மாடிப்படியிலிருந்து இறங்கினேன். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் 'போனது போகட்டும்' என்று நானும் வாயை மூடிக்கொள்வேன். அப்படி மூடிக்கொண்டவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

எங்களுக்கு உடன்குடிப் பக்கம். அப்பா கருப்பட்டி காய்ச்சுகிறார். வியாபாரிகள் மொத்தமாக எடுத்துப்போகும் விலையில் கிலோவுக்கு 40 ரூபாய் மிஞ்சினாலே அதிகம். சந்தையில் சீனி கலந்த கருப்பட்டி மலிந்து கிடக்கிறது. அதோடு எங்கள் சரக்கையும் ஒரே தட்டில் வைத்து விலை பேசுகிறார்கள். பதநீர் இறக்குவதிலிருந்து சிரட்டையில் பாகு ஊற்றுவது வரை வீடியோ எடுத்து, எங்களுக்கென்று ஓர் இணையதளத்தில் போட்டால், கண்ணால் பார்க்கிறவர்கள் நேரடியாக வாங்குவார்கள் என்பது என் எண்ணம். அது தப்பான எண்ணம் இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

'இலவசக் கருவிகளைக் கொண்டே இணையதளம், வீடியோ எடிட்டிங். முன் அனுபவம் தேவையில்லை. ஞாயிறு அறிமுக வகுப்பு இலவசம்' என்று பஸ்ஸின் பின்புறம் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் போனோம். நகரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. இருபது கணினிகள், குளிர்சாதன அறை, சுவரில் பெரிய திரை. அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். அதுதான் நான் செய்த பிழை என்று நேற்று இரவு முழுக்கத் தோன்றிக்கொண்டிருந்தது.

பயிற்சியாளர் நேராக அப்பாவிடம் வந்தார். "அண்ணாச்சி, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார். கேட்டதைத் தமிழில் தட்டினார். என் கைபேசியிலிருந்த பனைமரப் படம் ஒன்றை வாங்கி மேலே பொருத்தினார். பத்து நிமிடத்தில் திரை முழுக்க அப்பாவின் பெயர், கீழே 'உடன்குடி கருப்பட்டி'. அப்பா நான்காம் வகுப்பு வரை படித்தவர். நாற்காலியிலிருந்து எழுந்து சுவர் அருகே போய், தன் பெயரை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார். சுண்ணாம்பு அரித்து வெடித்த விரலால் கடைசி எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அந்த வெளிச்சம் அவர் கை மேல் விழுந்தது. திரும்பி என்னிடம், "பணத்தைக் கட்டிவிடு" என்றார். வேறு ஒன்றுமே கேட்கவில்லை.

பிளாகர், வேர்ட்பிரஸ் போன்ற இணையதளம் அமைக்கும் சேவைகளில் அந்தப் பத்து நிமிட வேலையை யாரும் காசில்லாமல் செய்யலாம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கட்டிய கணக்கு இது. பயிற்சிக் கட்டணம் 9,000. 'வாழ்நாள் முழுவதுக்குமான' இணைய முகவரியும், தளத்தின் கோப்புகளை வைக்கும் சர்வர் இடமும் 4,500. தளத்துக்கும் அதைப் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் 3,000. எடிட்டிங் மென்பொருள் உரிமம் 2,000. மொத்தம் 18,500 ரூபாய். ரசீதில் 'பயிற்சிக் கட்டணம்' என்று ஒரே வரி, ஜிஎஸ்டி எண் கிடையாது. "முறையான பில் அடுத்த வாரம்" என்றார்கள். அந்த அடுத்த வாரம் இன்றுவரை வரவில்லை.

வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. யூடியூபில் யாரோ இலவசமாகப் போட்டிருக்கும் பாடத்தைத் திரையில் ஓட்டிவிட்டு, பயிற்சியாளர் தன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சந்தேகம் கேட்டால் "அது அடுத்த பாடத்தில் வரும்" என்பார்.

இரண்டாவது மாதம் வீடியோ வேலை தொடங்கியது. பங்குனி, சித்திரையில் நான் எடுத்து வைத்திருந்த காட்சிகளை எல்லாம் அவர்கள் கணினியில் ஏற்றச் சொன்னார்கள். விடியற்காலையில் அப்பா பனை ஏறுவது, கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது, அம்மா பாகைத் துழாவிக் கம்பிப் பதம் பார்ப்பது, எல்லாம். கைபேசியில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. "இங்கே பத்திரமாக இருக்கும் தங்கச்சி, கைபேசியில் அழித்துவிடுங்கள்" என்றார் பயிற்சியாளர். அழித்தேன். என் கையாலேயே அழித்தேன்.

பயிற்சி முடிந்த அன்று பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால், உள்ளே சில கிலோபைட் அளவில் ஒரே ஒரு கோப்பு. அது ஷாட்கட் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் திட்டக் கோப்பு. எந்தக் காட்சியை எங்கே வெட்டுவது, எதற்கு அடுத்து எதை ஒட்டுவது என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும்; காட்சிகள் இருக்காது. திறந்ததும் கோப்புகளைக் காணவில்லை என்று ஒரு பட்டியல் வந்தது. மறுநாளே ஓடினேன். அடுத்த அணிக்காகக் கணினிகளில் இருந்ததை எல்லாம் அழித்து ஃபார்மட் செய்துவிட்டார்களாம்.

ஆடியோடு பதநீர் முடிந்துவிட்டது. இனி அடுத்த பங்குனியில்தான் அந்தக் காட்சிகளை எடுக்க முடியும்.

அதற்கடுத்த வாரம் இணையதளமும் போனது. முகவரியைத் தட்டினால் 'கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அன்று தொடங்கி மூன்று வாரம் நான் கேட்ட பதில்கள்: சர்வரில் பராமரிப்பு நடக்கிறது. சார் சாப்பிடப் போயிருக்கிறார். சார் சென்னை போயிருக்கிறார். உங்கள் புகாரைக் குறித்துக்கொண்டோம், அழைப்போம். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியவற்றின் டிக் குறிகள் எல்லாம் நீல நிறமாக மாறும், பதில் வராது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் நல்ல பெண். "அக்கா, எனக்கே இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை" என்று மெதுவாகச் சொன்னாள். அடுத்த முறை போனபோது அவள் இல்லை, வேறொரு பெண் இருந்தாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணனின் நண்பர் ஒருவர் சென்னையில் கணினி வேலையில் இருக்கிறார். அவர் தொலைபேசியில் வழி சொல்லச் சொல்ல நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பொதுப் பதிவேட்டில் தேடினால், அந்த மையத்தின் பெயர் வந்தது. அப்பாவின் பெயர் எங்குமே இல்லை. பதிவுக் காலம் ஓராண்டு மட்டும். ஒரு முகவரியை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதிவு செய்ய முடியும், வாழ்நாள் பதிவு என்று ஒன்றே கிடையாது. நின்றுபோன பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழைத் திறந்து பார்த்தால், வழங்கியது லெட்ஸ் என்கிரிப்ட், காலம் 90 நாள். அது லாபநோக்கமற்ற அமைப்பு. எல்லோருக்கும் சான்றிதழை இலவசமாகவே தருகிறது. அதற்கு எங்களிடம் 3,000. ஷாட்கட் யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள், உரிமக் கட்டணமே கிடையாது. அதற்கு 2,000.

நேற்று இதையெல்லாம் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன். கடைசியில் உரிமையாளரே வந்தார். தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இலவசம்தான். ஆனால் இலவசம் என்று உங்களுக்குத் தெரியாதே, அதைத் தெரிய வைத்ததற்குத்தான் கட்டணம்" என்றார். இணையதளம் திரும்ப வேண்டுமானால் 3,500 ரூபாய் புதுப்பிப்புக் கட்டணமாம். கட்டிய பணம் திரும்பத் தரப்படாது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை விரலால் சுட்டிக் காட்டினார்.

18,500 ரூபாய். 460 கிலோ கருப்பட்டிக்கு மேல் காய்ச்சி விற்றால் மிஞ்சுகிற பணம். வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டது, "படம் கிடைத்ததா?" என்பதை மட்டும்தான்.

புதியவர்களுக்கு இலவசக் கருவிகளைப் பற்றி முறையாக, ஒவ்வொன்றாக எழுத வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இன்று அதற்கு மனம் நிதானப்படவில்லை. தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன்.

இணைய முகவரியை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில், நீங்களே பணம் கட்டிப் பதிவு செய்யுங்கள். வேறு யாரையும் வாங்கித் தர விடாதீர்கள். வேர்ட்பிரஸ்ஸில் உங்கள் கணக்கு 'நிர்வாகி' நிலையில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். எனக்குக் கொடுத்தது 'ஆசிரியர்' நிலை, அதில் எழுதலாம், தளத்தைப் பிரதி எடுக்க முடியாது. ஷாட்கட், கேடென்லைவ் போன்ற இலவச எடிட்டிங் மென்பொருள்களை அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்தே இறக்குங்கள். யாராவது உரிமக் கட்டணம் கேட்டால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். மூலக் காட்சிகள் உங்களிடம் இரண்டு இடங்களில் இருக்கும்வரை கைபேசியில் எதையும் அழிக்காதீர்கள். இதை மட்டுமாவது கேளுங்கள். பணம் கட்டுமுன் ஒவ்வொரு தொகைக்கும் தனி வரி போட்ட பில் வாங்குங்கள்.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். நான் ரசீதின் இரு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். வாட்ஸ்அப் உரையாடலையும் அச்சிட்டுவிட்டேன். திங்கட்கிழமை மனு கொடுக்கிறேன். என்னோடு அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பதினான்கு பேரில் யார் இதைப் படித்தாலும், உங்கள் ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள்.