பந்து, பவுடர், பானம்: சிறுநீர்ப்பை ஆபரேஷனுக்கு முன் எதற்குக் காசு கொடுக்கலாம்?

புற்றுநோய்க்காகச் சிறுநீர்ப்பையை முழுதாக எடுக்கத் தேதி குறித்தாயிற்று என்றால் வீட்டாரிடம் பெரும்பாலும் ஒரு சீட்டு வந்து சேரும். மூன்று பந்து ஸ்பைரோமீட்டர் (நுரையீரலை விரிக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவி), புரதப் பவுடர், ஆபரேஷன் நாளுக்கான மாவுச்சத்து பானம். மூன்றில் எது உழைக்கிறது, எது எங்கே வீணாகிறது என்று பார்ப்போம்.

ஸ்பைரோமீட்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்கலாம். நிறையப் பேர் அதை வாயில் வைத்து ஊதுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது. அது காற்றை உள்ளே இழுக்கும் கருவி. அதில் போட்டிருக்கும் 600, 900, 1200 என்பவை நுரையீரலின் கொள்ளளவு இல்லை; ஒரு நொடிக்கு எத்தனை மி.லி. வேகத்தில் காற்று போகிறது என்பதற்கான கணக்கு. வெடுக்கென்று இழுத்தால் மூன்று பந்தும் துள்ளும், நுரையீரலின் அடிப்பகுதி விரியாது. நிமிர்ந்து உட்கார்ந்து, கருவியைச் சாய்க்காமல் பிடித்து (சாய்த்தால் பந்து சுலபமாக ஏறி ஏமாற்றும்), மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் மெதுவாக இழுக்க வேண்டும். முதல் பந்து 3 முதல் 5 நொடி மேலேயே நின்றால் போதும். ஒரு தடவைக்கு 10 மூச்சு, நடுவில் ஓய்வு விட்டு. இல்லாவிட்டால் தலை சுற்றும். நாளைக்கு நாலைந்து தடவை. முடித்ததும் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இரண்டு முறை இருமிப் பழக வேண்டும். ஒரே உருளையில் மி.லி. அளவு காட்டும் வகை கடையில் இருந்தால் அதையே எடுங்கள். அதை ஏமாற்றுவது கடினம். இந்தக் கருவி மட்டுமே நிமோனியாவைத் தடுக்கும் என்று ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. ஆனாலும் வயிற்றில் தையல் வலிக்கும்போது புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது என்பதால் முன்பே பழகுவதில் அர்த்தம் இருக்கிறது. புகைப்பழக்கத்தை ஆபரேஷனுக்கு 4 வாரத்துக்கு முன்பாவது கைவிடாதவருக்கு எந்தப் பந்தும் பெரிதாக உதவாது.

அடுத்தது பவுடர். அதிகப் பணம் போவதும் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். பெரிய ஆபரேஷனுக்குத் தயாராகிறவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். இட்லி, சாதம், ரசம், மோர் என்றே போகிற நாளில் அதில் பாதி தேறுவதே கஷ்டம். டப்பாவின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணையில் ‘100 கிராமில் புரதம்’ எவ்வளவு என்று பாருங்கள். 20 கிராமுக்கும் கீழே என்றால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் சர்க்கரையும் மாவுச்சத்தும்தான். சர்க்கரை நோயாளிக்கு அது வேறு தொல்லை. வே புரதத்தில் (பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதப் பவுடர்) 70, 80 கிராம் இருக்கும். கொதிக்கும் பாலில் போட்டால் கட்டி தட்டும், ஆறிய பாலிலோ மோரிலோ கலக்க வேண்டும்.

அடுக்களைக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். முட்டை 2: 12 கிராம். மீன் 100 கிராம்: சுமார் 19. உலர்ந்த சோயா உருண்டை 50 கிராம்: 26. ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல்: 12. பால் ஒரு டம்ளர்: 6. மொத்தம் 75. பருப்பும் தயிரும் இதில் சேரவில்லை. ஒரே வேளையில் கொட்டாமல் வேளைக்கு 20, 25 கிராமாகப் பிரிப்பது நல்லது. ஆக, சாப்பிட முடிகிறவருக்குப் பவுடர் கட்டாயம் இல்லை. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியபின் குமட்டலும் வாயில் உலோக ருசியுமாக இருப்பவருக்கு அது நிஜமாகவே கைகொடுக்கும். குளிரக் குளிர, கண்ணாடி டம்ளரில் கொடுங்கள். புற்றுக்கட்டி சிறுநீர்க் குழாயை அடைத்துக் கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்த அளவு) ஏறியிருந்தால் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். 6 மாதத்தில் எடை 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தாலோ, ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே இருந்தாலோ டப்பாவை நம்பிக் காத்திருக்காமல் உடனே டயட்டீஷியனைப் பார்க்க வேண்டும்.

சீட்டில் இல்லாத ஒரு பொருளுக்குத்தான் எங்கள் முதல் மதிப்பெண்: கைப்பிடி இல்லாத, ஆடாத ஒரு நாற்காலி. கால் தசைக்கு வேலை கொடுக்காமல் ஊட்டும் புரதம் தசையாகச் சேர்வது குறைவு. கையை ஊன்றாமல் 10 தடவை எழுந்து உட்காருவது ஒரு சுற்று. காலையில் 2, மாலையில் 2. இதோடு அரை மணி நடை. டென்மார்க்கின் ஆர்ஹுஸில் இதே ஆபரேஷனுக்குக் காத்திருந்தவர்களை வீட்டிலேயே இப்படித் தினமும் பயிற்சி செய்யவைத்து 107 பேரிடம் நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறையவில்லை, ஆனால் பயிற்சி பெற்றவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் எழுந்து நடமாடினார்கள். சிறுநீரில் ரத்தம் போய் ஹீமோகுளோபின் இறங்கியிருப்பவர் மூச்சு வாங்கினால் நிறுத்திவிட வேண்டும்; முதலில் அதைச் சரிசெய்தாக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் பலன் குறையும்.

மாவுச்சத்து பானம்: முந்தைய இரவு 800 மி.லி., காலையில் மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்புவரை 400 மி.லி. என்பது வழக்கமான அளவு. 400 மி.லி.யில் 50 கிராம் மாவுச்சத்து இருக்கும். பசியும் தாகமும் அடங்கும். அதற்கு மேல் அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். இளநீர் இதற்கு ஈடாகாது, மாவுச்சத்து குறைவு, பொட்டாசியம் அதிகம். இன்சுலின் போடுகிறவர் மயக்க மருந்து டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. மிச்சமிருந்த புரதப் பவுடரைப் பாலில் கலந்து காலையில் கொடுத்துவிடாதீர்கள். பால் திட உணவுக் கணக்கில் சேரும், 6 மணி நேரம் இடைவெளி வேண்டும், ஆபரேஷனே தள்ளிப்போகும்.

காசு மிஞ்சினால் ஒரு மாதிரி யூரோஸ்டமி பை (சிறுநீர்ப்பையை எடுத்தபின் வயிற்றில் அமைக்கும் துளை வழியே வரும் சிறுநீரைப் பிடிக்கும் பை) கேட்டு வாங்கி, பாதி தண்ணீர் நிரப்பி, ஒருநாள் வயிற்றில் ஒட்டிக்கொண்டு நடமாடிப் பாருங்கள். உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்த்து அந்தத் துளைக்கு இடம் குறிக்க நர்ஸிடம் போகும்போது வழக்கமாக உடுத்தும் சேலை, வேட்டியோடு போக வேண்டும். பாவாடை நாடா இறுக்கும் கோட்டில் துளை அமைந்துவிட்டால் பை தினமும் கசியும்.