ஆறடி அடுக்களையில் இழுக்கும் குழாய்: மூன்று வருஷம் புழங்கிய அனுபவம்

எங்கள் வீடு குளச்சலில், கடற்கரைக்கு நடக்கிற தூரம். அடுக்களை ஆறடிக்கு ஏழடி. ஜன்னலுக்குக் கீழே 18 அங்குல சிங்க், ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் குடம் வைக்க ஓரடி கல். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பழைய குழாயின் கீழே மீன் சட்டியைச் சரித்துத்தான் கழுவ முடியும். குடம் நுழையவே நுழையாது. மாமி தினமும் செம்பில் பிடித்துப் பிடித்துக் குடத்தில் ஊற்றுவார்கள். தோள்வலி வந்த பிறகும் அப்படியே செய்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. 2022-ல் தலையைக் கீழே இழுத்துப் பிடிக்கிற இந்தக் குழாயை வாங்கியது அதற்காகத்தான். விலை 4,300 ரூபாய்.

நான் முதலில் பார்த்தவை எல்லாம் 16, 17 அங்குல உயரம். எங்கள் ஜன்னல் கதவு உள்பக்கம் திறக்கும். அதன் அடிவிளிம்பு கல்லிலிருந்து 14 அங்குலம். குழாய் அதற்குமேல் போனால் கதவைத் திறக்கவே முடியாது. தேடிப்பிடித்து 12 அங்குலத்தில் ஒன்று வாங்கினேன். குட்டையாக இருந்தால் பெரிய சட்டி அடியில் போகாதே என்று தயங்கினேன். ஆனால் தலைதான் கையோடு வருகிறதே! சட்டி எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீர் போகிறது. கல்லின்மேல் இருக்கிற குடத்துக்கும் எட்டுகிறது. முதல் நாள் குடம் நிறைந்ததும் மாமி, "இது நேரத்தே இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும் மக்ளே" என்றார்கள்.

பொருத்துவதில் கொஞ்சம் பாடுபட்டோம். நம் ஊர் பழைய அடுக்களைகளில் குழாய் சுவரில் இருக்கும். இதுவோ கல்லில் நிற்கிற வகை. கிரானைட்டில் 35 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, சுவர்க் குழாயை அடைத்து, லைனைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனி டியூப் வேறு. எங்களுக்கு வெந்நீர் லைன் கிடையாது. பிளம்பர் அண்ணன் ஒரு லைனை இரண்டாகப் பிரிக்கிற T வடிவ இணைப்பைப் போட்டு இரண்டுக்கும் ஒரே லைனைக் கொடுத்தார். பிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் தண்ணீர் வருகிறது.

உண்மையான சிக்கல் அழுத்தம்தான். ஸ்ப்ரே பட்டனை அழுத்தினால் தண்ணீர் நூல் நூலாக ஒழுகியது. குழாய் மோசம் என்று திருப்பி அனுப்பவே இருந்தேன். பெட்டிக்குள் இருந்த தாளில் குறைந்தது அரை பார் (அழுத்தத்தை அளக்கிற அலகு) அழுத்தம் வேண்டும் என்று போட்டிருந்தது. டேங்க் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய ஒரு பார் கிடைக்கும். எங்கள் டேங்க் மொட்டை மாடித் தரையிலேயே, குழாய்க்கு மேலே மூன்று மீட்டரில் இருந்தது. அப்படியானால் 0.3 பார்தான். போதாக்குறைக்கு அதே அரை அங்குல பைப்பில்தான் குளியலறையும்.

பம்ப் வைக்கச் சொன்னார்கள். மழைக்காலத்தில் கரண்ட் போனால் பாத்திரம் கழுவுவதும் நின்றுவிடுமே என்று வேண்டாம் என்றேன். டேங்கை நாலடித் திட்டில் ஏற்றி, அடுக்களைக்கு மட்டும் முக்கால் அங்குல பைப்பைத் தனியாக இறக்கினோம். தலைக்குள் இருந்த, நீர் வரத்தைக் குறைக்கிற சின்ன பிளாஸ்டிக் வில்லையையும் எடுத்துவிட்டேன். இப்போது ஸ்ப்ரே பீய்ச்சி அடிக்காவிட்டாலும் சட்டியில் ஒட்டின தேங்காய் அரைப்பைக் கழுவிவிடும். இந்தச் செலவு குழாய் விலையைத் தாண்டியது. வாங்கும் முன் டேங்க் உயரத்தை அளந்து பாருங்கள் என்று இதனால்தான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

மீன் கழுவ ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். சாளைச் செதிளும் ரத்தத் தண்ணீரும் அடுப்பு வரை தெறிக்கும். சாதாரண ஒழுக்கில் கழுவிவிட்டு, கடைசியில் சிங்க் மூலைகளை மட்டும் ஸ்ப்ரேயால் அலசுங்கள். வாடை நிற்காது.

இரண்டாம் வருஷம் தலை தன் இடத்துக்குத் திரும்பாமல் தொங்க ஆரம்பித்தது. தலையிலிருந்து குழாய் வழியாக சிங்க் அடிக்குப் போகிற ஹோஸில் ஒரு எடைக்கட்டி மாட்டியிருக்கும்; அதுதான் ஹோஸைக் கீழே இழுத்து, தலையை மேலே தன் இடத்தில் உட்கார வைப்பது. உப்புக்காற்றில் அதன் திருகாணி துருப்பிடித்து, கட்டி கழன்று கிடந்தது. எவர்சில்வர் திருகாணி போட்டதும் சரியானது. சிங்க் அடியில் அரிசி வாளி வைத்தாலும் எடை அதில் முட்டும், தலை ஏறாது. அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். குரோம் பூச்சில் அடிவளையத்தில் மட்டும் புள்ளி விழுந்திருக்கிறது. ராத்திரி வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைப்பதால் மற்ற இடம் பளபளப்பாகவே இருக்கிறது. ஸ்ப்ரே துளைகளில் போர் தண்ணீரின் வெள்ளை உப்பு படியும். ரப்பர் முனைகளை விரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். கெட்டியாகிவிட்டால் கால் மணி நேரம் வினிகர்த் தண்ணீரில் முக்கி வைக்கிறேன்.

டேங்க் கழுவிய ஒரு நாள் நேராக இந்தக் குழாயைத் திறந்துவிட்டேன். மணல் உள்ளே போய், பிடிக்கு அடியில் தண்ணீரைத் திறந்து மூடுகிற கார்ட்ரிட்ஜில் கீறல் விழுந்து, மூடினாலும் சொட்டியது. திங்கள்சந்தையில் 35 மில்லிமீட்டர் கார்ட்ரிட்ஜ் கிடைத்தது. அன்றிலிருந்து டேங்க் கழுவினால் முதலில் வாசல் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் தெளிந்த பிறகுதான் அடுக்களைப் பக்கம் வருகிறேன்.

தக்கலையில் இருக்கும் என் தங்கை போன மாதம் இதே குழாயைக் கேட்டாள். அவள் வீட்டுக் கல்லில் சிங்குக்குப் பின்னால் இரண்டு அங்குலம்கூட இல்லை, வீடும் வாடகை வீடு. சுவர்க் குழாயிலேயே வளைகிற கழுத்து ஒன்றை மாட்டிக்கொள்ளச் சொன்னேன்.